கடலடிக் கணக்கு: அட்டையா, கருவியா?

கெடா மாநிலத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த இளைஞர்கள் வேலை தேடிப் புறப்பட்டால், ஒரு காலத்தில் பெரும்பாலும் பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கே போவார்கள். 1987-ஆம் ஆண்டு லங்காவி வரியில்லாத் தீவாக அறிவிக்கப்பட்ட பிறகு அங்கேயும் ஒரு வழி திறந்தது. தங்கும் விடுதிகள் எழுந்தன. சுற்றுலாப் படகுகள் பெருகின. படகில் கயிறு பிடிக்கச் சேர்ந்த பிள்ளை, சில மாதங்களில் முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கவும் ஆசைப்படுவான். ஸ்கூபா முக்குளிப்பு என்று அதைச் சொல்கிறார்கள். பள்ளி விடுமுறையில் பொழுதுபோக்காக இறங்கிப் பார்ப்பவர்களும் உண்டு.

அப்படி இறங்கும் பிள்ளையைப் பார்த்து, "ஏனப்பா, ஆபத்தில்லையா?" என்று தாய் கேட்டால், "கையில் கம்ப்யூட்டர் கட்டியிருக்கிறேன் அம்மா, எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும்" என்று பதில் வரலாம். அந்தக் கருவி எதைப் பார்த்துக்கொள்கிறது? எதை அதனால் பார்க்க முடியாது? அது வருவதற்கு முன்னே முக்குளிப்போர் எதை வைத்துக் கணக்குப் பார்த்தார்கள்? இன்று இவற்றைத் தெரிந்துகொள்வோம்.

நம் மாநிலத்துக் கடலிலேயே முக்குளிப்புக்குப் பெயர்பெற்ற இடம் ஒன்று இருக்கிறது. லங்காவிக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் பாயார் தீவும் அதன் அருகே மூன்று சிறு தீவுகளும் உள்ளன. பவளப் பாறைகள் நிறைந்த இப்பகுதி 1980-களிலிருந்து கடல் பூங்காவாகப் பாதுகாக்கப்பட்டு வருகிறது. இங்கே முக்குளிப்போர் இறங்கும் இடங்கள் பெரும்பாலும் 20 மீட்டர் ஆழத்திற்குள் அடங்குபவை. 20 மீட்டர் என்றால் நெடிது வளர்ந்த ரப்பர் மரம் ஒன்றின் உயரம்தான். அவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் தண்ணீரின் கனம் வேறு, காற்றின் கனம் வேறு.

நாம் நிற்கும் தரைமேல் உள்ள காற்று முழுவதும் சேர்ந்து நம்மை அழுத்துகிறது. அதை ஒரு பங்கு அழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். கடலில் 10 மீட்டர் இறங்கினால் இன்னொரு பங்கு கூடுகிறது. 20 மீட்டரில் மூன்று பங்கு. 30 மீட்டரில் நான்கு பங்கு. அந்த அழுத்தத்திற்கு ஈடாகவே உருளையிலிருந்து காற்று வாய்க்கு வரவேண்டும்; இல்லாவிட்டால் மார்பு விரியாது. ஆகவே 20 மீட்டர் ஆழத்தில் இருப்பவர் ஒவ்வொரு மூச்சிலும், கரையில் இருப்பதைப்போல மூன்று மடங்கு காற்றை உள்ளே இழுக்கிறார்.

காற்றில் ஐந்தில் ஒரு பங்கு பிராணவாயு. மீதியில் ஏறக்குறைய எல்லாமே நைட்ரஜன். பிராணவாயுவை உடல் செலவழித்துவிடும். நைட்ரஜனால் உடலுக்கு ஒரு பயனுமில்லை. அழுத்தம் கூடக்கூட அது இரத்தத்திலும் தசையிலும் கொழுப்பிலும் கரைந்து தங்கிவிடுகிறது. ஆழம் கூடினாலும் நேரம் கூடினாலும் தங்கும் அளவும் கூடும்.

தீபாவளிக்கு வாங்கி வைத்த ஆரஞ்சு போத்தலை நினைத்துப் பாருங்கள். மூடியிருக்கும்போது உள்ளே ஒரு குமிழும் தெரிவதில்லை. சட்டென்று மூடியைத் திறந்தால் நுரை பொங்கி வழிகிறது. அழுத்தம் திடீரென்று குறைந்ததால், கரைந்திருந்த வாயு குமிழாக வெளிவருகிறது. முக்குளித்தவர் அவசரமாக மேலே வந்தால் அவர் உடம்புக்குள்ளும் இதுவே நடக்கும். குமிழ் மூட்டில் தங்கினால் தாங்க முடியாத வலி. தண்டுவடத்தில் தங்கினால் கால் விளங்காமல் போகலாம். முக்குளிப்போர் இதைப் 'பெண்ட்ஸ்' என்று சொல்வார்கள். மூடியை மெல்ல மெல்லத் திறந்தால் போத்தல் பொங்குவதில்லை. முக்குளிப்புக் கணக்கு என்பது, மூடியை எவ்வளவு மெல்லத் திறக்கவேண்டும் என்ற கணக்கே.

"நம் முன்னோர் மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தார்களே, அவர்கள் எந்தக் கணக்கைப் பார்த்தார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அவர்கள் மேலே இழுத்த ஒரே மூச்சோடு, கல்லைக் கட்டிய கயிற்றைப் பிடித்து இறங்கினார்கள். ஒரு நிமிடம் அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதலாகக் கீழே இருந்து மேலே வந்துவிடுவார்கள். ஆழத்தில் புதிதாகக் காற்றைச் சுவாசிக்கவில்லை. ஆகவே உடம்பில் சேரும் நைட்ரஜனும் மிகக் குறைவு. ஆனால் அதே மன்னார், யாழ்ப்பாணக் கடற்பகுதிகளில், பிற்காலத்தில் கடலட்டையும் சங்கும் எடுக்கக் காற்று உருளையுடன் இறங்கிய தொழிலாளர்கள் ஒரு நாளில் பலமுறை ஆழம் போய்வந்தார்கள். அவர்களில் பலர் கை கால் விளங்காமல் மருத்துவமனைக்கு வந்ததை இலங்கை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பாட்டனுக்கு வராத நோய் பேரனுக்கு வந்தது. துணிச்சல் இருவருக்கும் ஒன்றுதான். சுவாசித்த காற்றுதான் வேறு.

இந்த நோயை உலகம் முதலில் பெரிய அளவில் கண்டது கடலில் அன்று, கட்டுமான வேலையில்தான். நியூயார்க்கில் புரூக்ளின் பாலத்திற்கு ஆற்றடியில் அடித்தளம் போட்டபோது, அமுக்கிய காற்று நிரப்பிய பெரிய பெட்டிகளுக்குள் கூலித் தொழிலாளர்கள் இறங்கி மண் தோண்டினார்கள். வேலை முடிந்து வெளியே வந்ததும் பலர் வலியால் சுருண்டார்கள், சிலர் இறந்தார்கள். தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கே 1872-இல் இந்நோயால் முடங்கிப்போனார். 1883-இல் பாலம் திறக்கப்பட்டபோதும் அவரால் விழாவுக்கு வர இயலவில்லை. இதற்கிடையில் 1878-இல் பால் பெர் என்னும் பிரெஞ்சு அறிஞர், நைட்ரஜன் குமிழ்களே காரணம் என்று எழுதினார்.

காரணம் தெரிந்தது. அளவு தெரியவேண்டுமே! அதைக் கண்டுபிடித்தவர் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் பிரிட்டிஷ் அறிஞர். அவரும் துணைவர்களும் ஆடுகளை அழுத்தக் கூண்டுகளில் அடைத்துச் சோதித்தார்கள். பிறகு 1906-இல் இரண்டு கடற்படையினர் ஸ்காட்லாந்துக் கடலில் 64 மீட்டர் வரை இறங்கி நலமாகத் திரும்பினார்கள். 1908-இல் ஹால்டேன் தம் அட்டவணைகளை வெளியிட்டார்.

அவர் கண்ட உண்மை எளியது. ஒரு பஞ்சுத் துண்டையும், ஒரு சாக்கையும், ஒரு மரக்கட்டையையும் தண்ணீரில் போடுங்கள். பஞ்சு உடனே நனையும். சாக்கு சற்று நேரம் எடுக்கும். கட்டை ஊறப் பல மணி நேரமாகும். வெயிலில் காயும்போதும் அதே வரிசைதான். நம் உடம்பும் அப்படியே. இரத்தம் அதிகம் ஓடும் உறுப்பு சீக்கிரம் நைட்ரஜனை ஏற்கும், சீக்கிரம் விடும். கொழுப்பும் மூட்டும் மெல்ல ஏற்கும், மெல்ல விடும். ஹால்டேன் உடம்பை இப்படி ஐந்து வகையாகப் பிரித்துக் கணக்கிட்டார். இன்றைக்குக் கைக்கடிகாரம்போல வந்திருக்கும் கருவிக்குள்ளும் ஓடுவது அந்தப் பழைய கருத்தின் வழிவந்த கணக்கே. சூரிச் நகரத்துப் பேராசிரியர் பியூல்மான் அதைப் பதினாறு வகையாக விரித்தார். பல கருவிகள் அவர் வழியில் நடக்கின்றன.

இனி, அட்டவணை எப்படி இருக்கும் என்று பார்ப்போம். அது நீரில் நனையாத ஒரு பிளாஸ்டிக் அட்டை. ஒருபுறம் ஆழம், அதற்கு நேரே நிமிடங்கள். இடையில் எங்கும் தங்காமல் நேரே மேலே வரக்கூடிய நேர எல்லை அதில் இருக்கும். அமெரிக்கக் கடற்படையின் அட்டவணையைத்தான் பொழுதுபோக்கு முக்குளிப்போரும் நெடுங்காலம் பயன்படுத்தினார்கள். 1988-இல் பி.ஏ.டி.ஐ. என்னும் பயிற்சி அமைப்பு, சாதாரண மக்களுக்கென்று, பெண்களையும் சேர்த்துச் சோதித்து, புதிய அட்டவணை ஒன்றை வெளியிட்டது. அதன்படி 12 மீட்டரில் 147 நிமிடம். 18 மீட்டரில் 56 நிமிடம். 20 மீட்டரில் 45 நிமிடம். 30 மீட்டரில் 20 நிமிடம். ஆழம் கூடும்போது நேரம் எப்படிச் சரிகிறது என்று கவனியுங்கள்.

முதல் முக்குளிப்பு முடிந்ததும் அட்டை ஓர் எழுத்தைத் தரும். உடம்பில் எவ்வளவு நைட்ரஜன் மிச்சம் இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். கரையில் ஓய்வெடுக்க எடுக்க அந்த எழுத்து இறங்கிவரும். இரண்டாம் முறை இறங்குவதற்கு முன் அந்த மிச்சத்தைக் கழித்தே புதிய எல்லையைப் பார்க்கவேண்டும். பழைய கடனைக் கழித்துக்கொண்டு மளிகைக் கடைக்காரர் புதுச் சாமான் கொடுப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டவணையில் ஒரு குறை உண்டு. பாயார் போன்ற பாறைச் சரிவில் ஒருவர் இறங்குகிறார். 20 மீட்டரில் 12 நிமிடம் இருக்கிறார். பிறகு 8 மீட்டருக்கு ஏறிவந்து, மீன்களையும் பவளத்தையும் பார்த்தபடி 36 நிமிடம் இருக்கிறார். மொத்தம் 48 நிமிடம். அட்டவணைக்கு மிக அதிகமான ஆழம் ஒன்றுதான் தெரியும். 48 நிமிடமும் 20 மீட்டரிலேயே இருந்தார் என்று அது கொள்ளும். எல்லை 45, ஆகவே கூடாது என்று சொல்லிவிடும். உண்மையில் பெரும்பகுதி நேரத்தை அவர் ஆழமில்லாத இடத்தில்தான் கழித்தார். அட்டை பொய் சொல்லவில்லை. பாதுகாப்பின் பக்கம் நின்று கூட்டிச் சொல்கிறது.

இந்தக் குறையைத் தீர்க்க முதலில் ஒரு வட்டச் சக்கரம் வந்தது. அதைத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு படி ஆழத்திற்கும் தனித்தனியே கணக்குப் பார்க்கலாம். 2000-களில் அதே வேலையைச் செய்யும் மின்னணுத் திட்டக் கணிப்பான் வந்தது. பார்ப்பதற்குப் பள்ளிப் பிள்ளைகளின் கால்குலேட்டர் மாதிரி இருக்கும். எந்த ஆழம், எத்தனை நிமிடம், கரையில் எவ்வளவு ஓய்வு என்று அது ஒவ்வொன்றாகக் கேட்கும். நாம் பதில் தட்டவேண்டும். அட்டையில் கோடு மாறிப் பார்த்துவிடும் தவறு இதில் குறையும். ஆனால் ஒன்றை மறக்கலாகாது. இது கடலுக்குள் வருவதில்லை. படகில் உட்கார்ந்து திட்டம் போடுவதற்கு உரியது. 20 மீட்டர் என்று தட்டிவிட்டு 24 மீட்டருக்குப் போனால் அதற்குத் தெரியாது.

கடலுக்குள் கூடவே வருவது முக்குளிப்புக் கணினி. 1983-இல் அமெரிக்காவில் 'ஆர்க்கா எட்ஜ்' என்னும் கருவி விற்பனைக்கு வந்து பெயர்பெற்றது. அன்று அது கனமான பெட்டி. இன்று கைக்கடிகார அளவு. நீரின் அழுத்தத்தைத் தானே அளந்து, சில நொடிகளுக்கு ஒருமுறை கணக்கைப் புதுப்பிக்கிறது. நாம் சொன்ன அந்த 48 நிமிட முக்குளிப்பை இது உள்ளபடியே கணக்கிட்டு, எல்லைக்குள் இருக்கிறது என்று காட்டும். வேகமாக மேலே ஏறினால் ஒலியெழுப்பி எச்சரிக்கும். இவ்வளவு நன்மை இருப்பதால்தான் இன்று பெரும்பாலோர் இதையே நம்பி இறங்குகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் அதன் எல்லையை அறிந்து நம்பவேண்டும்.

கருவிக்குத் தெரிந்தவை இரண்டுதான்: ஆழம், நேரம். முந்தைய இரவு தூங்காமல் படகு கழுவியது அதற்குத் தெரியாது. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் உருளைகளைச் சுமந்தது தெரியாது. வயது, உடற்பருமன், காய்ச்சல், குடி எதுவும் தெரியாது. கணக்கை ஒரு நிமிடமும் மீறாதவர்களுக்கும் இந்நோய் வருவது உண்டு. அட்டவணைக்கும் இதே குறை இருக்கிறது. ஆனால் அட்டையைப் பார்ப்பவர், எல்லையின் விளிம்பு வரை போகக்கூடாது என்று கற்றே பழகினார். கருவி நொடிக்கு நொடி மிச்ச நேரத்தைக் காட்டுவதால், கடைசி நிமிடம் வரை இருந்துவிடலாம் என்ற ஆசையைக் கிளப்புகிறது.

இன்னொரு ஆபத்து இரவல். காலையில் ஒருவர் ஒரு கருவியைக் கட்டிக்கொண்டு இறங்குகிறார். மதியம் அதை வேறொருவர் எடுத்துப் போய்விட, இவர் கையில் இன்னொன்று வருகிறது. காலையில் அவர் உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் இந்தக் கருவிக்குத் தெரியாது. புதிதாய் வந்தவர் என்றே கணக்குப் போடும். இரண்டு பேருக்கு ஒரு கருவி என்பதும் கூடாது. ஒருவர் கீழேயும் ஒருவர் மேலேயும் நீந்தினால் ஆளுக்கு ஒரு கணக்கு. கணக்கு கருவியோடு போகிறது. நைட்ரஜன் உடம்போடு போகிறது. இரண்டும் பிரியலாகாது.

பேட்டரி தீர்ந்து கருவி நீருக்குள் அணைந்துபோனால்? அட்டவணை அறிந்தவர், கடிகாரத்தையும் ஆழமானியையும் பார்த்து, தாம் எங்கே நிற்கிறோம் என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்வார். நிமிடத்திற்கு 9 மீட்டருக்கு மேற்படாமல் மெல்ல ஏறி, 5 மீட்டரில் 3 நிமிடம் தங்கி, மேலே வந்து, 24 மணி நேரம் மறுபடி இறங்காமல் இருப்பார். அட்டவணையே அறியாதவருக்கு அந்த இருண்ட கண்ணாடியைத் தவிர வேறு துணையில்லை.

தோட்டத்தில் நாம் கண்டதுதான் இது. சம்பளக் கணக்கு ஆபீசில் செக்ரோலில் இருக்கும். கிராணி எழுதிய காலம் போய்க் கணினி எழுதும் காலமும் வந்துவிட்டது. ஆனாலும் வேலைக்குப் போன நாளையும், கொண்டுவந்த பாலின் எடையையும் வீட்டு நாட்காட்டியில் குறித்து வைத்த தாய்க்குத்தான், சம்பளச் சீட்டில் ஒரு நாள் குறைந்தால் உடனே தெரியும். கணினி வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. தன் கணக்கையும் கைவிடவில்லை. முக்குளிப்பவருக்கும் அதுவே வழி. அட்டவணையைக் கற்று, படகிலேயே திட்டம் போட்டு, கருவியைக் கட்டிக்கொண்டு இறங்கவேண்டும். இரண்டும் வேறுபட்டால் எது குறைந்த நேரம் சொல்கிறதோ அதைக் கேட்கவேண்டும்.

கணக்கு கரையேறியதோடு முடிவதில்லை. மலைமேல் காற்றழுத்தம் குறைவு, விமானத்திலும் குறைவு. போத்தல் மூடியை இன்னும் சற்றுத் திறப்பது போன்றது அது. ஒருமுறை மட்டும் முக்குளித்தவர் 12 மணி நேரமும், பலமுறை முக்குளித்தவர் 18 மணி நேரமும் காத்திருந்தே விமானம் ஏறவேண்டும் என்பது இன்றைய அறிவுரை. நம் ஜெராய் மலை சுமார் 1,200 மீட்டர் உயரம். காலையில் பாயாரில் முக்குளித்துவிட்டு, மாலையில் நண்பர்களோடு ஜெராய் உச்சிக்குப் போவதும் அதே ஆபத்தில்தான் சேரும்.

இனிச் சொல்லப்போவது முக்குளிக்காதவர்களுக்கு. வீட்டில் இருக்கும் பெற்றோருக்கு. நோயின் குறிகள் பெரும்பாலும் சில மணி நேரத்தில் தெரியும். ஒரு நாள் கழித்தும் வரலாம். அதற்குள் பிள்ளை படகேறிக் கோலக் கெடா வந்து, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து சேர்ந்திருப்பான். தோளிலோ முழங்கையிலோ முழங்காலிலோ வலி என்பான். உடம்பு அடித்துப் போட்டதுபோல இருக்கிறது என்பான். கை கால் மரத்துப்போகலாம், எறும்பு ஊர்வதுபோல் இருக்கலாம், தோலில் தடிப்புத் தோன்றலாம், தலை சுற்றலாம், நடை தள்ளாடலாம், சிறுநீர் வராமல் போகலாம். உருளை தூக்கிய வலி என்று எண்ணித் தைலம் தேய்த்து, சுளுக்கு எடுப்பவரிடம் அழைத்துப்போய் ஒரு நாளை வீணாக்கிவிடாதீர்கள்.

அவனைப் படுக்க வையுங்கள். 999-ஐ அழையுங்கள், அல்லது அலோர் ஸ்டார், சுங்கை பட்டாணி போன்ற ஊர்களில் உள்ள பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நினைவு தெளிவாக இருந்தால் தண்ணீர் கொடுக்கலாம். முதல் உதவி, சுத்தமான பிராணவாயு. முழுச் சிகிச்சை, அழுத்தக் கூண்டில் வைத்து மறுபடி அழுத்தி மெல்ல விடுவது. பேராக் மாநிலம் லூமுட்டில் உள்ள இராணுவ மருத்துவமனையில் அத்தகைய கூண்டு உண்டு. மருத்துவரிடம் முதல் வார்த்தையாக ஒன்றைச் சொல்லுங்கள்: "நேற்று இவன் காற்று உருளையோடு கடலில் முக்குளித்தான்." அதைச் சொல்லாவிட்டால் சாதாரண மூட்டுவலியாகவே அது தோன்றக்கூடும். அவனுடைய கருவியையும் கூடவே எடுத்துப்போங்கள். எத்தனை மீட்டர், எத்தனை நிமிடம் என்ற விவரம் அதில் பதிந்திருக்கும், மருத்துவருக்கு உதவும்.

நேயர்களே, பிள்ளைகள் கடலுக்குப் போவதைத் தடுக்கவேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பாயாரின் பவளத் தோட்டம் நம் மாநிலத்துச் செல்வம். அதைக் காணும் உரிமை, விமானத்தில் வந்திறங்கும் வெளிநாட்டவருக்கு மட்டும் உரியதன்று. ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைக்கும் உண்டு. அதைத் தொழிலாகக் கொண்டு முன்னேறவும் வழியுண்டு. முறையான பயிற்சி எடுக்கிறானா, தனக்கென்று ஒரு கருவி வைத்திருக்கிறானா, அட்டவணை பார்க்கத் தெரியுமா என்று மட்டும் கேளுங்கள். "18 மீட்டரில் எத்தனை நிமிடம் தம்பி?" என்று கேட்டால், கையைப் பார்க்காமல் பதில் சொல்லும் பிள்ளையாக அவன் இருக்கட்டும்.